பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் காலி: பெயரும் மாந்தோப்பும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் 27 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். “அண்ணா, நானும் என் துணைவியும் (அவளுக்கு 24) மூன்று வருடமாக வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம். இரண்டு வீட்டிலும் சாதி ஒத்துவரவில்லை, அதனால் தாலி கட்டவும் இல்லை, பதிவு செய்யவும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. சான்றிதழில் அம்மா பெயர் மட்டும் இருக்கிறது, அப்பா பெயர் காலி. நான்தான் அப்பா என்று நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டால் போதுமா? ஜெர்மனியில் இருக்கும் நண்பன், அங்கே ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்கிறான். காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. நாளைக்குப் பாப்பாவுக்குப் பங்கு வருமா?”

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. பெயர் ஒன்று, சொத்து ஒன்று. பெயரை ஏற்றிவிட்டால் சொத்து தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பாதிப் பேர் எங்களிடம் வருகிறார்கள். பெயர் ஏற்றுவது நீங்கள் பயப்படுவதைவிடச் சுலபம். சொத்து நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல், அதைப் பிறப்புச் சான்றிதழ் தீர்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டரி அஃபிடவிட் கையில் வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் பத்து வருடம் கழித்து வந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஜெர்மானிய சிவில் சட்டத்தின் 1592ஆம் பிரிவுப்படி மூன்று வகையில் ஒருவர் தந்தையாகிறார்: குழந்தை பிறக்கும்போது தாயின் கணவராக இருப்பவர், தந்தை என்று முறைப்படி ஏற்றுக்கொண்டவர், நீதிமன்றம் தந்தை என்று தீர்மானித்தவர். மணமாகாத ஜோடி அங்கே இளைஞர் நல அலுவலகத்துக்கோ பதிவகத்துக்கோ போய், ஆண் ஏற்றுக்கொண்டு பெண் சம்மதித்தால் வேலை முடிந்தது. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே செய்துகொள்ளலாம். ஜீவனாம்சம், வாரிசுரிமை எல்லாம் அந்த ஏற்பைத் தொடர்ந்து வரும். அங்கேயும் வளர்ப்புப் பொறுப்பு மட்டும் தனிக் கணக்கு. இருவருக்கும் சேர்த்து வேண்டும் என்று தனியாக அறிவிக்கவோ, கல்யாணம் செய்துகொள்ளவோ, நீதிமன்றத்தில் வாங்கவோ வேண்டும். இல்லாவிட்டால் அது அம்மாவிடமே இருக்கும்.

நம் ஊரில் அப்படி ஒரு கவுன்டரே கிடையாது. மணமாகாத அப்பா ‘இது என் பிள்ளை’ என்று கையெழுத்திட்டு எல்லா உரிமையையும் ஒரே நாளில் பிள்ளைக்குக் கொடுக்கும் சட்டம் இந்துக்களுக்கு இல்லை. ஜீவனாம்சத்துக்கு ஒரு சட்டம், காப்பாளருக்கு ஒன்று, பிறப்புப் பதிவுக்கு ஒன்று, சொத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் ‘அப்பா’ என்றால் யார் என்பதைத் தன் வசதிக்கு ஏற்றபடி பார்க்கிறது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: நிஜமாகவே கல்யாணம் ஆகவில்லையா? சிரிக்க வேண்டாம். தீர்த்தமலையில் சாமி முன்னால் மாலை மாற்றிக்கொண்டு, நாலு நண்பர்களோடு செல்ஃபி எடுத்துவிட்டு, “நாங்க இன்னும் கல்யாணம் பண்ணல சார், ரிஜிஸ்டர் ஆகல” என்று சொல்லும் ஜோடிகள் இங்கே ஏராளம். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ பிரிவு இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது வந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால், அதுவே திருமணம். புரோகிதர் தேவையில்லை. ஊரறிய நடத்த வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பதியாததால் கல்யாணம் இல்லாமல் போகாது.

உங்களுக்குள் குழந்தை பிறப்பதற்கு முன் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து யோசியுங்கள். நடந்திருந்தால் தேதி, இடம், பார்த்தவர்கள், போட்டோ எல்லாவற்றையும் சேகரியுங்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாளுக்குள் பதியலாம். அந்தக் கெடு போய்விட்டாலும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இருக்கிறது: ஏற்கெனவே ஏதோ ஒரு சடங்கோடு நடந்த திருமணத்தை, இருவருக்கும் 21 முடிந்திருந்தால், 30 நாள் அறிவிப்புக்குப் பின் அதில் பதியலாம். அதோடு சேர்ந்த 18ஆம் பிரிவைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சடங்கு நடந்த தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயர்களும் அந்தத் திருமணப் பதிவேட்டில் ஏறும். அவர்கள் பிறந்ததிலிருந்தே முறைப்படி பிறந்தவர்களாகக் கருதப்படுவார்கள். உங்கள் நண்பர் சொன்ன ஜெர்மன் கையெழுத்துக்கு நம் சட்டத்தில் மிக அருகில் வருவது இதுதான் என்பது என் எண்ணம்.

நடக்கவில்லை என்றால் நடந்ததாக எழுதாதீர்கள். பதிவு அலுவலகத்தைச் சுற்றி, “தேதியை முன்னாடி போட்டுக்கலாம் சார், கோயில் ரசீது நான் ஏற்பாடு பண்றேன்” என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். போலி ரசீது நாளைக்குச் சொத்து வழக்கில் குறுக்கு விசாரணையில் உடைந்தால், உண்மையாக இருந்த உறவும் அதோடு சேர்ந்து உடையும்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கூச்சமானது, ஆனால் இதைக் கேட்காமல் ஒரு காகிதத்திலும் நான் கை வைப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்பு கல்யாணம் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் கோர்ட்டில் விவாகரத்து வாங்கியாயிற்றா?

நம் பக்கத்தில் பஞ்சாயத்து வைத்து ‘தீர்த்துவிடுவது’ இன்றும் உண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த 50 ரூபாய்ப் பத்திரம். இரண்டு தரப்பும் இனி ஒருவர் மேல் ஒருவர் உரிமை கொண்டாடுவதில்லை என்று எழுதி, கீழே ஏழு கைநாட்டு. மை கசிந்து யாருடைய ரேகை எது என்று தெரியவில்லை. அதை நம்பித்தான் அவர் அடுத்தவரோடு வாழப் போனார், பிள்ளையும் பெற்றார். ஆனால் ஆதாரில் இன்னும் பழைய கணவர் பெயர். கர்ப்பம் பதிந்தபோது நர்ஸம்மா ஆதாரைப் பார்த்து எழுத, அதே பெயர் ஆஸ்பத்திரிக்கும் போய், கடைசியில் பிறப்புச் சான்றிதழில் அப்பாவாக அமர்ந்துவிட்டது. நாலு வருடமாக முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷன் அப்பா.

கொடுமை என்னவென்றால், சட்டமும் அந்தச் சான்றிதழ் பக்கம்தான் சாய்ந்து நிற்கும். சட்டப்படியான திருமணம் நீடிக்கும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாளுக்குள்ளோ பிறக்கும் குழந்தை கணவருடையதே என்பது முன்பு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116ஆம் பிரிவு. குழந்தை கருவான காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே அது விலகும். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது: கணவர் இருக்க, வேறொருவர்தான் பெற்றவர் என்று டி.என்.ஏ. சோதனை கேட்டு நேராக வர முடியாது, முதலில் அந்த ‘சேர வாய்ப்பில்லை’ என்பதைக் காட்ட வேண்டும். பஞ்சாயத்து முறிவு, அந்தச் சமூகத்தில் அது காலங்காலமான வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் செல்லும். அது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தப் பெண்ணின் விஷயத்தில் பழைய கணவர் நல்ல மனிதர், கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னார். எல்லாருக்கும் அப்படி அமையாது. உங்கள் கடிதத்தில் இந்தச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் கீழே சொல்வதையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டு, முதலில் விவாகரத்து வழக்கைப் பாருங்கள்.

மூன்றாவது, வயது. உங்கள் இருவருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது: அம்மாவுக்கு 18 ஆகாதபோது உருவான குழந்தை என்றால், ‘நான்தான் அப்பா’ என்ற அஃபிடவிட் போக்சோ வழக்கில் உங்களுக்கு எதிரான வாக்குமூலம். வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தையின் பிறப்பை மட்டும் எக்காரணத்தாலும் பதியாமல் விடாதீர்கள்.

இனிப் பெயர் ஏற்றும் வேலை. பிறப்பு எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம்தான் போக வேண்டும். நீங்கள் ஓசூரில் குடியிருக்கலாம், பிரசவம் கிருஷ்ணகிரியில் என்றால் ஓசூர் மாநகராட்சிக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில் இருக்கும் பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுவார்கள். விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேரின் உறுதிமொழி வேண்டும். வீட்டு உரிமையாளர், பிரசவத்தின்போது கூட இருந்த உறவுக்காரர் போதும்.

அதோடு நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே அஃபிடவிட்டில் கையெழுத்திடுங்கள். அப்பா மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது. பெற்றவளின் சம்மதமில்லாமல் ஒரு ஆண் வந்து தன் பெயரை எழுதச் சொன்னால் எழுதிவிடவும் கூடாது, அது சரியும்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்), இருவரின் ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

அந்த அஃபிடவிட்டின் வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டைப்பிங் சென்டரில் வழக்கமாக அடித்துத் தரும் மாதிரியில் “நாங்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை” என்ற வரி முதலிலேயே வரும். அந்த வரி பதிவாளருக்குத் தேவையில்லை, உங்கள் மகளுக்குக் கெடுதல். காரணம் இது. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் அவர்கள் மணமானவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். முன்பு ஒரு தமிழ்நாட்டு வழக்கிலும், 2022 ஜூனில் ஒரு கேரள வழக்கிலும் உச்சநீதிமன்றம் அந்த அனுமானத்தை வைத்தே பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கொடுத்தது. அந்த அனுமானத்தை உடைக்கப் பங்காளிகள் தேடும் முதல் காகிதம், நீங்களே கையெழுத்திட்ட “கல்யாணம் ஆகவில்லை”தான். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன முகவரியில் சேர்ந்து வாழ்கிறோம், இன்ன தேதியில் பிறந்த இந்தக் குழந்தை எங்கள் இருவருடையது என்று எழுதுங்கள். கேட்காததை எழுதாதீர்கள். பதிவாளரிடம் தெரிந்தே தவறான தகவல் கொடுப்பது அந்தச் சட்டத்திலேயே குற்றம், அதையும் மறக்க வேண்டாம்.

“மேரேஜ் சர்டிபிகேட் இல்லாம சேர்க்க முடியாது” என்பார்கள். போன வருடம் ஒரு ஜோடியோடு ஒரு பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதையே கேட்டார். “படிவத்துல எங்க சார் கேட்டிருக்கு?” என்றேன். பிறப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்து, மேல் பாதியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். குழந்தை பெயர், பாலினம், பிறந்த இடம், தந்தை பெயர், தாய் பெயர், முகவரி. இல்லை. பக்கத்தைத் திருப்பி, புள்ளிவிவரப் பகுதியில் ‘திருமணத்தின்போது தாயின் வயது’ என்ற இடத்தில் பேனாவைக் குத்தி, “இதோ” என்றார். குழந்தையைத் தோளில் போட்டிருந்த அம்மா மெதுவாக, “அது இன்னும் ஆகல சார்” என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பகுதி மக்கள்தொகைக் கணக்குக்காக எடுப்பது, சான்றிதழில் வராது. அதற்குப் பதில் இல்லை என்பதற்காகத் தந்தை பெயரை மறுக்க இடமில்லை. ஒரு சிறிய கோடு போட்டுவிட்டு மேலே போனார். எல்லா மேசையிலும் இப்படிச் சிரிப்பு கிடைக்காது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி கொடுத்திருக்கிறது. மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரி 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் சிவில் கோர்ட்டிலோ குடும்ப நல நீதிமன்றத்திலோ விளம்புகைத் தீர்ப்பு (‘இவர்தான் அப்பா’ என்று கோர்ட்டே அறிவிக்கும் தீர்ப்பு) வாங்கலாம்.

அப்பா பெயர் காலியாக இருப்பதே குற்றம் என்று உங்கள் துணைவி நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பயத்தையும் போக்குங்கள். 2015 ஜூலையில் டெல்லி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் மணமாகாத தாய்க்கு ஒரு அஃபிடவிட் போதும், தகப்பன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2023 திருத்தம் மணமாகாத தாயைத் தகவல் தருபவராகச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பரிலிருந்து அம்மா அல்லது அப்பா ஒருவர் பெயர் போதும். சேர்ந்து வாழ்வதும் குற்றமில்லை, நடிகை குஷ்பு வழக்கில் 2010இலேயே தீர்ந்த விஷயம்.

பெயர் ஏறியபின் உங்களுக்கு என்ன வரும், என்ன வராது? காப்பாளர் உரிமை வராது. இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் (1956) 6ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தெளிவு: மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தாய், அவருக்குப் பின்னரே தந்தை. நாளைக்கு மனஸ்தாபம் வந்து நீங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காரிமங்கலம் போய்விட முடியாது. பார்க்கும் உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாம், அப்போது இந்தக் காகிதங்கள் உதவும். வருவது கடமை. பெற்றோரின் திருமணத்தைப் பார்க்காமல் குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வைப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவு. 1956ஆம் ஆண்டின் தத்து, ஜீவனாம்சச் சட்டமும் அதையே சொல்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட அஃபிடவிட் அந்த வழக்கில் அம்மா தரப்பின் முதல் ஆவணமாக இருக்கும். அது தெரிந்தே கையெழுத்திடுங்கள். மனதாரப் போடுகிறவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

டி.என்.ஏ. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். தகராறு இல்லாத இடத்தில் அது தேவையில்லை. தகராறு வந்தால் கோர்ட் உத்தரவோடு எடுப்பதுதான் நிற்கும். உத்தரவு வந்தும் வர மறுத்தால், பாதகமாக அனுமானிக்க நீதிபதிக்கு இடமுண்டு.

இப்போது மாந்தோப்பு. இங்கேதான் தம்பி, கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 3ஆம் பிரிவில் ‘உறவு’ என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கப்படி, மணமில்லாமல் பிறந்த பிள்ளை தாய்க்கு உறவு, அப்படிப் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உறவு. தந்தைக்கு உறவு என்று அங்கே இல்லை. ஆகவே நீங்கள் உயில் எழுதாமல் காலமானால் (மன்னிக்கவும், வக்கீல் பேச்சு அப்படித்தான்), உங்கள் பெயரில் இருக்கும் பைக்கும் வங்கிப் பணமும் சட்டப்படி உங்கள் அம்மாவுக்குப் போகும், பாப்பாவுக்குப் போகாது. சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தாலும்கூட. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்குப் போனாலும், யாராவது ஆட்சேபித்தால் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1956க்கு முன் பழைய இந்துச் சட்டத்தில், ‘சூத்திரர்’ என்று ஆங்கிலேயர் காலக் கோர்ட்டுகள் வகைப்படுத்திய சாதிகளில், நிலையாகச் சேர்த்துக்கொண்ட பெண்ணுக்குப் பிறந்த மகனுக்கு அப்பன் சொத்தில் ஒரு பங்கு இருந்தது. சீர்திருத்தச் சட்டம் வந்தது, அந்தப் பங்கு போய்விட்டது. இன்னொரு வேடிக்கை இன்றையது. முதல் மனைவி இருக்க இரண்டாவது தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனால் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி அதில் பிறந்த பிள்ளை முறைப்படி பிறந்ததாகக் கருதப்படும். பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்த அப்பாவுக்குப் பிரியும் பாகத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத கல்யாணத்தின் பிள்ளைக்குக் கிடைப்பது, கல்யாணமே செய்யாத உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. இதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

உங்கள் அப்பாவின் தோப்பு அவர் சம்பாத்தியமா, பூர்வீகமா? சுயசம்பாத்தியம் என்றால் அவர் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் அதில் உரிமையில்லை, உங்களுக்கே இல்லை. முறைப்படி பிறந்த பேத்தியாக இருந்தாலும் நிலைமை அதேதான். மனம் கனிந்தால் அவர் பேத்திக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதலாம். மா பூக்கும் பருவத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள், அது எந்த மனுவையும்விட வேலை செய்யும். பூர்வீகம் என்றால் உங்களுக்கு ஒரு பாகம் உண்டு, பாப்பாவுக்குப் பிறப்பால் பாகம் கோர முடியாது.

ஆகவே உயில் எழுதுங்கள். இருபத்தேழு வயதில் உயிலா என்று முகம் சுளிக்காதீர்கள். சுயசம்பாத்தியத்தை யாருக்கும் எழுதலாம். பூர்வீகத்தில் உங்களுக்குரிய பாகத்தையும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 30ஆம் பிரிவுப்படி உயிலில் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். உயிலில் “என் மகள்” என்ற சொல்லோடு நிறுத்தாமல், பெயர், பிறந்த தேதி, பிறப்புப் பதிவு எண், தாயின் பெயர் எல்லாம் எழுதுங்கள். ‘மகள்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று பங்காளிகள் வாதாட இடம் இருக்கக் கூடாது. எல்.ஐ.சி. போட்டிருந்தால் நாமினி இடத்தில் பாப்பா பெயரையும், அவளுக்காகப் பணம் வாங்க அவள் அம்மாவையும் போடுங்கள்.

வேலை சம்பந்தமாக ஒன்று. தொழிற்சாலையிலோ கிரானைட் குவாரியிலோ விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ‘சார்ந்திருப்போர்’ பட்டியலில் மணமில்லாமல் பிறந்த மைனர் மகனையும் மணமாகாத மகளையும் வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவர்களை அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சட்டத்துக்குத் தோன்றியது வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தோன்றவில்லை. அங்கே கேள்வி ‘இது அவர் பிள்ளையா’ என்பது மட்டும்தான், அப்போது சான்றிதழில் இருக்கும் உங்கள் பெயர் பேசும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இஸ்லாமிய நண்பர்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் சட்டத்தில் ‘இக்ரார்’ என்ற ஏற்பு உண்டு. ஆனால் அது திருமணம் நடந்ததா என்பது நிச்சயமில்லாத இடத்துக்கு உரியது, திருமணமே இல்லை என்று நிரூபணமான இடத்தில் செல்லாது. ஒருமுறை ஏற்றுக்கொண்டால் திரும்பப் பெறவும் முடியாது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மஹ்மூத் எழுதிய தீர்ப்பைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறோம். இதற்கு அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

சரி, உங்கள் இருவருக்கும் கல்யாணத்தில் தடையொன்றும் இல்லை, வீட்டுக்குப் பயந்துதான் தள்ளிப் போடுகிறீர்கள் என்றால், இருவரும் இந்து என்ற பட்சத்தில் 7-ஏ படி நாலு நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிப் பதிந்துவிடுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்புப் பலகை இதில் இல்லை, வீட்டுக்குத் தகவல் போகும் பயமும் குறைவு. மிரட்டல் வந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆனால் இந்தக் கல்யாணம் ஏற்கெனவே பிறந்துவிட்ட பாப்பாவைப் பின்னோக்கிப் போய் முறைப்படி ஆக்கிவிடாது. அடுத்த பிள்ளைக்குப் பிரச்சினை இருக்காது, இவளுக்கு உயில் அப்போதும் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டம் வேறு வேறு கணக்கு வைத்திருக்கும் வீட்டில், அந்த வித்தியாசத்தை உயில் ஒன்றே சமன் செய்யும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் சட்ட உதவி இலவசம். மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அழைத்தாலும் போதும். மனு உங்கள் துணைவி பெயரிலோ பாப்பா பெயரிலோ போகட்டும்.

மறுபடி எழுதும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: பிரசவம் எந்த ஊரில், தோப்புப் பட்டா தாத்தா பெயரிலிருந்து வந்ததா அப்பா வாங்கியதா, சான்றிதழில் பாப்பாவின் பெயர் ஏறிவிட்டதா அல்லது அதுவும் காலிதானா. காலி என்றால் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் ஏற்றலாம். அப்பா பெயருக்குப் போகும் அன்றைக்கே அதையும் முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.